ஏற்கெனவே தெரிந்த ஓட்டை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை 150/96. தினமும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் மனைவி ரூபி தான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்திலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணை எழுதிய பிறகு பக்கம் முழுக்க மிச்சம் கிடக்கிறது. "அன்னன்னைக்கு என்ன நடந்துச்சுன்னும் ரெண்டு வரி எழுதுங்க. எதனால ஏறுதுன்னு தெரியும்" என்று டாக்டரே சொன்னார். சரி, எழுதுவோம்.

என்ன வேலை என்று கேட்டார். 'சரடு' என்ற பிளாக்செயின் நெட்வொர்க்கில் பாதுகாப்புப் பிரிவு என்றேன். புரியாமல் தலையாட்டினார். ஒரே பதிவேட்டை ஆயிரம் கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு பிரதியாக வைத்திருக்கும், யாரும் தனியாக அதை அடித்துத் திருத்த முடியாது, வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப எங்களிடம் வருகிறார்கள் என்று விளக்கினேன்.

"அப்ப திருடனுக்கு வழியே இல்லைன்னு சொல்லுங்க."

இருக்கிறது. புரோகிராமில் ஓட்டை இருந்தால் வருவான். அதனால் அவனுக்கு முந்தி ஓட்டையைக் கண்டுபிடித்து எங்களிடம் சொல்கிறவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். எந்த ஊரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வருகிற ரிப்போர்ட்டைப் படித்து, அது உண்மையான ஓட்டைதானா, எவ்வளவு பெரியது, என்ன பரிசு என்று தீர்மானிப்பது என் பொறுப்பு.

"அப்ப நீங்க ஒரு ஜட்ஜு" என்றார் டாக்டர். சிரித்துவிட்டு வந்தேன். உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு கூடவே கூடாதாம்.

ஆகஸ்ட் 6, புதன்

148/94. இன்று பதினொரு ரிப்போர்ட்டுகள். பத்து குப்பை. எங்கிருந்தோ வெட்டி ஒட்டி, பெரிய பெரிய வார்த்தைகளைப் போட்டுப் பயமுறுத்திப் பரிசு கேட்கிறவர்கள்.

ஒன்று மட்டும் குடியாத்தத்திலிருந்து. குணவதி. இந்த வேலையில் எல்லோரும் ஏதாவது ஒரு புனைபெயரில்தான் எழுதுவார்கள். சொந்தப் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே ஊரையும் போட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தார். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

எங்கள் நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குப் பணம் போக ஒரு பாலம் உண்டு. பரோட்டாக் கடையில் முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்குவது போலத்தான். இந்தப் பக்கம் பணத்தைப் பூட்டினால் ஒரு டோக்கன் வரும். அந்தப் பக்கம் டோக்கனைக் காட்டினால் பணம் கிடைக்கும். பூட்டிய சில நொடிகளுக்குள் ரத்து செய்துவிட்டால் பணமும் கைக்குத் திரும்புகிறது, டோக்கனும் செல்லுபடியாகிறது என்று குணவதி எழுதியிருந்தார். அதாவது ஒரே பணத்தை இரண்டு முறை எடுக்கலாம். இரண்டு என்ன, வற்றும்வரை எடுக்கலாம்.

சோதனை நெட்வொர்க்கில் செய்து பார்த்தேன். எடுக்க முடிந்தது.

ரிப்போர்ட்டின் கடைசியில், "திரும்பி வரும் திசையிலும் இதைப் போன்ற ஒன்று இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். இதை நீங்கள் உறுதிசெய்த பிறகு அதையும் பார்த்து எழுதுகிறேன்" என்று இருந்தது.

பாலத்தின் அந்தப் பகுதியை எழுதியது நான்தான். போன நவம்பரில். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அப்போது ஆள் குறைவு.

ஆகஸ்ட் 7, வியாழன்

162/100. அளக்கும் கருவியில் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓட்டையை அடைத்துவிட்டேன். நான்கு வரி மாற்றம். வழக்கமான பராமரிப்பு வேலைகளோடு சேர்ந்து போய்விட்டது.

குணவதியின் ரிப்போர்ட்டை 'டூப்ளிகேட்' என்று மூடினேன். எங்கள் விதிப்படி, ஓட்டை எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் பரிசு கிடையாது, இணையப் பக்கத்தில் பெயரும் வராது. இந்த ஓட்டை எனக்குத் தெரிந்ததுதான். மே மாதமே அந்த இடத்தில் ஏதோ இடறுகிறது என்று நினைத்த ஞாபகம் இருக்கிறது. எங்கள் உள் பட்டியலிலும் மே 22 என்ற தேதியில் இருக்கிறது.

அடுத்த வாரம் முதலீட்டாளர்கள் அனுப்பும் தணிக்கை ஆட்கள் வருகிறார்கள். போன வருடம் அவர்கள் வந்த வாரத்தில்தான் என்னோடு வேலை பார்த்த ஹரிகோவிந்தின் வேலை போனது. அவன் விட்ட தவறு இதில் பாதிகூட இல்லை.

மாலையில் ரூபியோடு போய்ப் புது பேட்டரி வாங்கினேன். பழைய பேட்டரியில் குறையில்லை என்றார் கடைக்காரர்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குணவதியிடமிருந்து பதில். கோபமாக எழுதுவார் என்று எதிர்பார்த்தேன், அதுதான் வழக்கம். அப்படி இல்லை.

கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக்கொடுக்கும் வேலை பார்க்கிறாராம். பி.எஸ்சி. இயற்பியல். இதையெல்லாம் தானாகப் படித்துக்கொண்டதாம். பெங்களூரில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் இரண்டு கட்டத் தேர்வு வைத்துவிட்டு, உண்மையான நெட்வொர்க் ஒன்றில் கண்டுபிடித்து உறுதியான ஓட்டை ஒன்றையாவது காட்டினால் வேலை என்று சொல்லியிருக்கிறதாம். செப்டம்பர் பத்துவரை தவணை. "பரிசு இல்லாவிட்டால் பரவாயில்லை. நான் தனியாகக் கண்டுபிடித்தேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும்."

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

யோசித்தேன். 'விதிகளின்படி டூப்ளிகேட் ரிப்போர்ட்டுகளுக்குச் சான்று வழங்க இயலாது. தொடர்ந்து பங்கேற்க வாழ்த்துகள்.' இப்படி ஒரு வார்ப்புப் பதில் முன்பே இருக்கிறது. அதை அனுப்பினேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தணிக்கை முடிந்தது. பாலத்தில் குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கீர்த்திவாசன் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தான். நிறுவனத்தைத் தொடங்கியவன் அவன். என்னைவிட ஐந்து வயது இளையவன். "ஜெபா, நீ இல்லன்னா இந்த வாரம் நான் செத்திருப்பேன்" என்று தோளில் கை போட்டான். அடுத்த மாதத்திலிருந்து பாதுகாப்புப் பிரிவுக்கு நான் தலைவர்.

ரூபிக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஜெபம் பண்ணது வீண் போகல" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குணவதி போன் செய்தார். அலுவலக எண்ணுக்கு அழைத்திருக்கிறார், வரவேற்பில் எனக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். குரல் நான் நினைத்ததைவிட மெதுவாக இருந்தது. பின்னால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எப்பத்துல இருந்து உங்களுக்குத் தெரியும்?"

"மே மாசத்துல இருந்து."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மே மாசமா சார்?"

"ஆமாம்மா. எங்க பட்டியல்ல இருக்கு."

"சரி சார். அப்புறம், திரும்பி வர்ற பக்கத்துல இன்னொண்ணு இருக்குன்னு எழுதியிருந்தேனே…"

"அதை முறைப்படி ரிப்போர்ட்டா போடுங்க. பாக்குறோம்."

"போட்டா, அதுவும் மே மாசமே தெரியும்னு சொல்லுவீங்களா சார்?"

கிண்டலாகக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தத் திசையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

144/92. முழுநாளும் கூட்டம். புதிய பதவிக்கான அடையாள அட்டையில் என் பெயரில் எழுத்துப்பிழை. திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாளையங்கோட்டையில் ரூபியின் சித்தப்பா மகள் கல்யாணம். நான்கு நாள் லீவு. சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோது, பெங்களூர்க்காரர்கள் கொடுத்த தவணை தாண்டி நான்கு நாள் ஆகிறது என்று நினைவு வந்தது. அது எனக்கு எதற்கு நினைவு வர வேண்டும் என்று தெரியவில்லை. கல்யாணச் சாப்பாட்டில் உப்பு அதிகம்.

திரும்பி வரும் திசைக்கு யாரும் ரிப்போர்ட் போடவில்லை. அப்படியென்றால் அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

அக்டோபர் 9, வியாழன்

பாலம் உடைந்துவிட்டது.

காலை ஒன்பது பத்துக்குத் தொடங்கி ஒன்பது முப்பத்தெட்டுக்குள் பாலத்தில் பூட்டியிருந்த பணத்தில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது. நெட்வொர்க்கையே நிறுத்தினோம். திரும்பி வரும் திசையில்தான். ரத்து செய்தாலும் டோக்கன் செல்லுபடியானது. அதே ஓட்டை, கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம்வலம் மாறி. அடைக்க நான்கு வரிகள்தான் தேவைப்பட்டன.

அழுத்தம் அளக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வாடிக்கையாளர்களின் போன்களை ஆளுக்குக் கொஞ்சமாக எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு சவூதியில் தம்மாமிலிருந்து. ஏ.சி. மெக்கானிக். பெயர் சேக் மைதீன், ஊர் கடையநல்லூர்.

"சார், நேத்து காலைல அனுப்புனேன். வீட்டுல இன்னும் வரலங்காவ. எப்ப சார் வரும்?"

கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். அதையே சொன்னேன்.

"தாமதம்னா சாயந்தரத்துக்குள்ளயா, நாளைக்கா? வாப்பாவுக்கு திங்கக்கிழமை ஆப்பரேசன் சார். ஆஸ்பத்திரில முன்பணம் கட்டச் சொல்லியிருக்காவ. நாளைக்குன்னாலும் பரவால்ல, சொல்லுங்க. நான் வேற ஆள்ட்ட கைமாத்துக் கேட்டுக்கிடுதேன்."

"வேற ஆள்ட்ட கேட்டுக்கிடுங்க" என்றேன். என்னை அறியாமல் எங்கள் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. பணம் இப்போதைக்கு வராது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி சார், பரவால்ல" என்று வைத்துவிட்டார். பரவாயில்லை என்று எனக்கு எதற்குச் சொன்னார்?

அக்டோபர் 13, திங்கள்

கீர்த்தி பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தோண்டியிருக்கிறான். பத்து மணிக்கு என்னை அறைக்குக் கூப்பிட்டான். திரையில் குணவதியின் ரிப்போர்ட். கடைசி வரியை மஞ்சள் பூசி வைத்திருந்தான்.

"இதைப் பாத்தியா ஜெபா? ஆகஸ்ட்லயே அந்தப் பொண்ணுக்கு இந்த ஓட்டை தெரியும். பரிசு கேட்டிருக்கா, நீ டூப்ளிகேட்னு மூடிட்ட. சான்று கேட்டிருக்கா, அதுவும் இல்லைன்னு சொல்லிட்ட. அப்புறம் அந்தப் பக்கம் ரிப்போர்ட்டே போடல. ஏன் போடல? கோபம். அவதான்."

"சொந்தப் பேரு, ஊரு எல்லாம் போட்டு எழுதுன ஆளு திருடுவாங்களா?"

"அப்ப திருடணும்னு நினைச்சிருக்க மாட்டா. நாமதான் நினைக்க வெச்சோம்." 'நாம' என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

போலீஸுக்குக் கொடுக்கும் தாளில் அவர் பெயர் முதலில் இருந்தது. 'நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த குறை ஒன்றுக்குப் பரிசு கேட்டு மறுக்கப்பட்டவர்' என்று அடைப்பில் எழுதியிருந்தார்கள். நான் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு என் இருக்கைக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

போலீஸார் குடியாத்தத்துக்குப் போய்விட்டார்களாம். லேப்டாப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு, அவரையும் விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். சாயந்தரம் அனுப்பிவிட்டார்கள், நாளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கீர்த்தி சொன்னான். செய்தித்தாளில் பெயர் போடவில்லை. 'குடியாத்தத்தைச் சேர்ந்த 31 வயதுப் பெண்' என்று போட்டிருந்தது. அந்த ஊரில் அது போதும்.

அக்டோபர் 17, வெள்ளி

172/104.

அக்டோபர் 18, சனி

ஆகஸ்ட் 8 அன்று எழுதியதை எடுத்துப் படித்தேன். அதில் எழுதியிருப்பது உண்மை இல்லை.

மே மாதம் எனக்கு ஒன்றும் தெரியாது. இடறவும் இல்லை. ஆகஸ்ட் 6 அன்று குணவதி சொல்லித்தான் தெரியும். மே 22 என்ற தேதியை ஆகஸ்ட் 8 மதியம், சாப்பிடப் போவதற்கு முன், நானே தட்டச்சு செய்தேன். உள் பட்டியல் பிளாக்செயினில் இல்லை. சாதாரண எக்செல் கோப்பு. யார் வேண்டுமானாலும் எந்தத் தேதியையும் போடலாம். ஊரார் பணத்துக்குத்தான் அழிக்க முடியாத பதிவேடு.

திரும்பி வரும் திசையைப் பார்க்காமல் விட்டதும் மறதியால் அல்ல. அங்கே ஓட்டை இருந்தால், அவர் எழுதியதைப் படித்துத்தான் போய்ப் பார்த்தேன் என்று ஆகிவிடும். பார்க்காமல் இருந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த நோட்டில் கூட எதற்குப் பொய் எழுதினேன்? டாக்டரைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? அவரும் எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் ரூபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ள இப்ப எங்க இருக்கு?"

"வீட்டுலதான். விசாரணைக்கு மட்டும் கூப்பிடுறாங்க."

"என்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தப் பிள்ளைக்கு அதனால என்ன?"

"நாளைக்குத் தீபாவளி லீவு. செவ்வாய்க்கிழமை கீர்த்திகிட்ட சொல்லிடுறேன்."

"இன்னைக்கு அவருக்கு போன் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி சமையலறைக்குப் போனாள். நான் போனை எடுத்தேன். கீர்த்தி குடும்பத்தோடு இருப்பான் என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

சொல்வதற்காகத்தான் கீர்த்தியின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து வந்து கையைப் பிடித்தான். "ஆள் மாட்டிட்டான் ஜெபா!"

பணம் போன வழியைத் தொடர்ந்து போனதில் அது வெளிநாட்டில் ஒரு கும்பலிடம் போய் நின்றிருக்கிறது. இதே மாதிரி வேறு இரண்டு நெட்வொர்க்குகளிலும் எடுத்தவர்களாம். போன பணத்தில் பாதிக்கு மேல் முடக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்துவிடலாம்.

"அப்ப அந்தக் குடியாத்தம் பொண்ணு?"

"அவ இல்ல. விட்டுட்டாங்க. பாவம்" என்றான். "நீ ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல."

படியிறங்கி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். லேசாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் ரூபி, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்கும்வரை.

"அந்தப் பொண்ண விட்டுட்டாங்க" என்றேன்.

"நான் அத கேக்கல."

நவம்பர் 12, புதன்

அந்தப் பெண் வழக்குப் போட்டுவிடக் கூடாது என்று கீர்த்திக்குப் பயம். நல்லெண்ண அடிப்படையில் ஒரு தொகையும் ஒரு கடிதமும் கொடுத்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. 'நிறுவனம் ஏற்கெனவே அறிந்திருந்த குறை ஒன்றைத் தாமும் கண்டறிந்து தெரிவித்தமைக்காக' என்று கடிதத்தில் இருக்கிறது. யார் கொண்டுபோவது என்று கேட்டான். நான் போகிறேன் என்றேன்.

நவம்பர் 15, சனி

காலையில் ரயிலில் குடியாத்தம் போய், பிற்பகல் திரும்பினேன்.

கம்ப்யூட்டர் சென்டரில் அவர் இல்லை. போலீஸ் வந்த மறுநாளே, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அக்கா கணவரின் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு கையில் ஸ்டேப்ளர். பெயரைச் சொன்னேன். யாரென்று புரிந்ததும் ஸ்டேப்ளரை மேசையில் வைத்தார்.

"உக்காருங்க சார்." பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

உறையைக் கொடுத்தேன். கடிதத்தைப் படித்தார். காசோலையைப் பார்த்தார். இரண்டையும் மடித்து மறுபடி உறைக்குள் வைத்தார்.

"பணத்த வாங்கிக்கிறேன் சார். வேணாம்னு சொல்ற நெலமைல நான் இல்ல. லேப்டாப் இன்னும் வரல. அதுலதான் நாலு வருசமா எழுதி வெச்சதெல்லாம் இருக்குது."

"அதுக்கு நான் பேசுறேன்."

"தெருவே வாசல்ல நின்னுனு இருந்துது சார். எங்கம்மா எல்லாருக்கும் சொல்லினு இருந்தாங்க, 'எம்பொண்ணு திருடல, திருடன் வருவான்னு சொல்லத்தான் போச்சு'ன்னு. ஒருத்தருக்கும் புரியல." கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார். "ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"மே மாசமே தெரியும்னு போன்ல சொன்னீங்க. கடிதாசிலயும் அப்படித்தான் இருக்குது. மே மாசமே தெரிஞ்சிருந்தா, ஏன் சார் நான் எழுதுற வரைக்கும் தெறந்து வெச்சிருந்தீங்க? நான் எழுதின ரெண்டாம் நாள் அடைச்சிட்டீங்களே. பொதுவுல இருக்கிற புரோகிராம்தானே, நான் பாத்தேன். நாலு வரி."

ஆகஸ்டிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. போனில் பேசாமல் இருந்தாரே, அப்போதே.

"தெரியாது" என்றேன். "மே மாசம் எனக்குத் தெரியாது. நீங்க சொல்லித்தான் தெரியும். தேதிய நான் போட்டேன்."

கடைக்கு வந்த ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். இரண்டு பிரதி எடுத்துக்கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இத எழுதித் தருவீங்களா சார்?"

ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. "தாள் குடுங்க" என்றேன்.

வெள்ளைத்தாள் கொடுத்தார். எழுதினேன். குணவதி தாமாகவே கண்டுபிடித்தார், முதலில் தெரிவித்தவர் அவரே, இரண்டாவது ஓட்டை பற்றியும் எச்சரித்தார். 'கவனக்குறைவால் அதை ஏற்கெனவே அறிந்த குறையாகப் பதிவுசெய்துவிட்டேன். இதற்காக அவரிடம் மனமார…' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்துவிட்டார். ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"கவனக்குறைவா, சார்?"

நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அந்த வார்த்தையை எழுதவில்லை. கை தானாக எழுதியது. அவர் ஒரு பார்வையில் பிடித்துவிட்டார். மூன்று மாதத்துக்கு முன் என் புரோகிராமைப் படித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வேறு தாள் எடுத்துக்கொடுத்தார். முதலிலிருந்து எழுதினேன். 'கவனக்குறைவால்' என்ற இடத்தில் 'தெரிந்தே, என் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள, பொய்த் தேதி இட்டு' என்று எழுதினேன்.

"மன்னிப்புக் கேக்கிறதையும் சேத்துக்கிறேன்."

"அது வேணாம் சார். நடந்தது மட்டும் இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். அவர் நிதானமாக இரண்டு முறை படித்தார். மெஷினில் வைத்து மூன்று பிரதிகள் எடுத்தார். ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார்.

"பெங்களூர் வேலை…?" என்று கேட்டேன்.

"அது செப்டம்பர்லயே போச்சு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். "எத்தினி காப்பி வேணும் அண்ணா?"

பிறகு நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் முதல் வேலையாகக் கீர்த்தியிடம் பிரதியைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"உனக்கு என்ன பைத்தியமா? ஆள் கிடைச்சாச்சு, அவளையும் விட்டாச்சு. யார் உன்கிட்ட இதைக் கேட்டா?"

"அந்தப் பொண்ணு கேட்டா."

"கேட்டா குடுத்துடுவியா?"

"அக்டோபர் பதிமூணாம் தேதி இந்த அறையிலயே குடுத்திருக்கணும் கீர்த்தி. அப்ப யாரும் கேக்கல. அதான் குடுக்கல."

மதியத்துக்குள் என் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திப் போன வாரம்தான் வந்த அட்டை. வீட்டில் சொன்னதும் ரூபி காபி போட்டுக்கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு, "சம்பளம் இல்லாம கொஞ்ச நாள் ஓட்டிக்கிடலாம். ஆனா போலீஸு அந்தப் பிள்ள வீட்டுக்குப் போறதுக்கு முன்னால சொல்லியிருந்தீங்கன்னா, நான் இன்னைக்கு உங்களப் பாத்துப் பெருமைப்பட்டிருப்பேன்" என்றாள்.

நவம்பர் 28, வெள்ளி

140/90. குணவதி என் கடிதத்தைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார். தன் கருத்தாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. நிறைய பேர் பகிர்ந்திருக்கிறார்கள். 'சரடு' வேறு வழியில்லாமல் முழுப் பரிசையும் அறிவித்து, ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களுக்கான இணையப் பக்கத்தில் அவர் பெயரை முதலில் போட்டிருக்கிறது. என்னைப் பற்றிச் சிலர் எழுதியிருந்ததைப் படித்தேன். எதுவும் தவறாக இல்லை.

சேக் மைதீனுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா என்று பழைய அலுவலகத்தில் ஒருவரிடம் கேட்டேன். பாதி போயிருக்கிறதாம். அவர் அப்பாவுக்கு அந்தத் திங்கட்கிழமை ஆப்பரேஷன் நடந்ததா என்பது அவர்கள் கோப்பில் இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பெங்களூர் நிறுவனத்துக்கு நானே போன் செய்து, யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். கடிதத்தை அவர்களும் பார்த்தார்களாம். குணவதியை மறுபடி அழைத்தார்களாம். இந்த வேலையே இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"ஏன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"கதவு தெறந்திருக்குன்னு போய்ச் சொன்னா, அந்த வீட்டுக்காரங்களே சந்தேகப்படுறாங்க, நமக்கு எதுக்குன்னு சொன்னாங்க சார்."

டிசம்பர் 19, வெள்ளி

138/88. டாக்டருக்குத் திருப்தி. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட்லயும் அக்டோபர்லயும் மட்டும்தான் ஏறியிருக்கு. வேலையை விட்டது நல்லதாப் போச்சு" என்றார். எழுத்தை வாசிக்கவில்லை.

ஜனவரியிலிருந்து ஒரு பாலிடெக்னிக்கில் வகுப்பு எடுக்கப் போகிறேன்.

'சரடு' போலப் பரிசு கொடுக்கிற வேறு நெட்வொர்க்குகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களை எல்லாமே ஒரு பக்கத்தில் போடுகின்றன. காலையில் காபி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். பதினாறு பக்கங்கள், கால்மணி நேரம் ஆகிறது. குணவதிக்கு மனம் மாறியிருக்கலாம், லேப்டாப் திரும்பி வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு பெயர்கள் வருகின்றன, முக்கால்வாசியும் புனைபெயர்கள். ஊரைச் சேர்த்து எழுதியவர் ஒருவரும் இல்லை.

இன்றும் பார்த்தேன். அவர் பெயர் இல்லை.